அப்பாவின் தலைமாட்டில் ஒரு பஸ்ஸர்

“இது செத்துடுச்சா?” என்று கேட்டுக்கொண்டேதான் உனைசி எங்கள் வீட்டுக்குள் நுழைவாள். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. கண் குளிர்சாதனப் பெட்டியின் முதுகில் இருக்கும். கை பையிலிருக்கும் திருப்புளியைத் தேடும்.

அவள் என் அத்தை மகள். தலைநகர் சுவாவில் மின்பொறியியல் மூன்றாம் ஆண்டு. தாய்மாமன் வீட்டில் எதையும் கேட்காமல் எடுத்துப்போக எங்கள் ஃபிஜி மரபில் அவளுக்கு உரிமை உண்டு. மற்ற வீடுகளில் அக்கா பிள்ளைகள் பன்றியும் பாயும் கொண்டுபோவார்கள். இவள் சலவை இயந்திரத்தின் குடலைக் கொண்டுபோவாள். ஒருமுறை பாடிக்கொண்டிருந்த வானொலியையே தூக்கினாள்.

“அது நல்லாத்தானே இருக்கு?” என்றார் அப்பா.

“நாளைக்குக் கெட்டுடும் மாமா. அப்புறம் உங்களுக்கு மனசு கஷ்டமாயிடும்.”

மின்சுற்றைத் திறந்து மூடும் ரிலேயைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள், அதைக் கையில் எடுத்துப் பார்த்தது எங்கள் சமையலறை மேசையில்தான். நான் தொலைபேசி நிறுவனத்தில் பொறியாளன். உதவ வாய் திறந்தால் போதும், தடுத்துவிடுவாள்: “சொல்லாத மச்சான். நானே கெடுத்துக்கறேன்.” ஒரு கையில் பற்றவைப்புக் கோல், மறு கையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு. ஒருநாள் மாற்றிக் கடிக்கப் போனாள்.

அப்பாவின் நுரையீரல் தளர்ந்தபின் வாடகைக்கு வந்த ஆக்சிஜன் இயந்திரம் பழையது. மின்சாரம் போனால் சத்தமில்லாமல் நின்றுவிடும். மழைக்காலத்தில் இங்கே மின்சாரம் போகாத வாரமில்லை. நான் கண்ணயர்ந்தால் அப்பாவை ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாற்ற ஆளில்லை. அதனால் நான் தூங்கவில்லை.

“அந்த மெஷின நீயே பிரிச்சுப் பாரேன்” என்றேன்.

“மாட்டேன். மாமா மூச்சுல பாடம் படிக்க முடியாது.”

பதிலுக்கு ஒரு பெட்டி செய்தாள். எங்கள் சலவை இயந்திரத்தின் ரிலே. பேருந்து பின்னோக்கி வரும்போது கத்தும் பஸ்ஸர். மின்சாரம் போனதும் அது பேட்டரியில் அலற வேண்டும். முதல்நாள் மின்சாரம் இருந்தவரை அலறியது, நிறுத்தியதும் அடங்கியது. இணைப்பைத் தலைகீழாகக் கொடுத்திருந்தாள்.

“யாரும்மா அது, என் கட்டில் மேல பஸ்ஸ ரிவர்ஸ் எடுக்கறது?” மூச்சு வாங்க வாங்க அப்பா சிரித்தார்.

“மச்சான், நீயும் சிரிச்ச, அவ்வளவுதான்.”

மறுநாள் சரியாயிற்று. தலைமாட்டில் ஆணியடித்து மாட்டினாள். அன்றிலிருந்து நான் தூங்கினேன். நான் தூங்குவதைப் பார்த்து அப்பாவும் தூங்கினார். மின்சாரம் போனபோதெல்லாம் அது என்னை எழுப்பியது. அவர் போனது ஒரு பட்டப்பகலில், மின்சாரம் இருக்கும்போது, என் கையைப் பிடித்தபடி. உனைசிக்கு நேரில் நன்றி சொன்னால் திட்டுவாள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அடக்கம் முடிந்து உறவினர்கள் பாயில் அமர்ந்து யங்கோனா வேர்ச்சாறு குடித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று. பஸ்ஸர் கம்மிய குரலில் கத்தியது. ஓடிப்போய்ச் சிலிண்டரின் திருகில் கை வைத்துவிட்டேன். கட்டில் காலி.

சற்று நேரத்தில் விளக்கு வந்தது. உனைசி நாற்காலியில் ஏறிப் பெட்டியைக் கழற்றினாள்.

“எடுத்துட்டுப் போ. உனக்குத்தான் உரிமை” என்றேன்.

அவள் திருப்புளியால் மூடியைத் திறந்தாள். பையிலிருந்து புதுப் பேட்டரி ஒன்றை எடுத்து, வழக்கம்போல நாக்கு நுனியில் வைத்துச் சோதித்து, உள்ளே பொருத்தினாள். பிறகு, அதே ஆணியில் மாட்டினாள்.