முனகாத சுழல்பெட்டி

அந்தக் கன்னியர் மடத்தின் தெருச்சுவரில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. அறைகள் எல்லாம் நடுமுற்றத்தைப் பார்த்தவை. உள்ளே இருக்கும் பெண்களுக்கு வெளியுலகம் என்றால் தலைக்கு மேல் தெரியும் வானம்தான். தெருவுக்கும் அவர்களுக்கும் நடுவே சுவரில் ஒரு சுழல்பெட்டி. நிமிர்த்தி வைத்த பீப்பாய் மாதிரி, ஒரு பக்கம் மட்டும் திறப்பு. சாமானை வைத்துத் தள்ளினால் திறப்பு உள்பக்கம் திரும்பும். சாமான் போகும், முகம் போகாது.

தச்சரின் தங்கை இரட்டைப் பின்னலோடு உள்ளே போனவள். முடி நரைத்ததா என்றுகூட அவருக்குத் தெரியாது. சந்திப்பறையில் இரட்டைக் கம்பித் தடுப்பு, அதன் பின்னால் கறுப்புத் துணி. குரல் மட்டும் வரும். அதிலும் அவருக்குப் பெருமைதான். "என் தங்கச்சி இருக்கிற இடத்துல ராஜாவே வந்தாலும் வெளியதான் நிக்கணும்" என்பார் பட்டறையில்.

"ராஜா கெடக்கட்டும். கூடப் பொறந்த நீங்களும் வெளியதானே நிக்கிறீங்க" என்பாள் மனைவி.

தங்கைக்கு முதலில் கண் போனது, அப்புறம் கால். நோயாளி அறையில் படுத்தவள் சந்திப்பறைக்கு வரவில்லை. தச்சர் போவதை நிறுத்தவில்லை. வாராவாரம் சோப்போ கம்பளித் துணியோ பெட்டியில் வைத்து, பாதி தள்ளி, மூச்சு வாங்கி, மறுபாதி தள்ளுவார். மற்றவர்கள் தள்ளினால் ஒரு தடவை முனகும் பெட்டி, அவருக்கு இரண்டு தடவை முனகும். அந்த முனகல் அவர் மானத்தை வாங்கியது. தச்சன் வந்துபோகிற வாசல் இப்படியா அழும்?

அனுமதி கேட்டு, பெட்டியைக் கழற்றி, அது நின்று சுழலும் தேய்ந்த இரும்பு முளையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பித்தளைக் குமிழ் பொருத்தினார். மரத்துக்கு மெழுகு காய்ச்சி ஊற்றினார். ஒற்றை விரலால் தள்ளினாலும் சத்தமே இல்லாமல் திரும்பியது.

"பூனை நடக்கற மாதிரி இருக்குங்க அண்ணா" என்றாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வாசல்காரக் கன்னியாஸ்திரி. தச்சருக்குத் தலைகால் புரியவில்லை.

சில மாதம் கழித்து, "பாப்பா எப்படி இருக்கா?" என்று தங்கையைப் பற்றி வழக்கம்போலக் கேட்டார்.

வாசல்காரக் கன்னியாஸ்திரி குரலைத் தாழ்த்தினாள். "நீங்க செத்துட்டதா நினைக்கிறாங்க அண்ணா."

தச்சர் சிரித்துவிட்டார். "போன வாரம்கூட வந்தேனே."

"நாங்க சொல்லாமலா? ஒவ்வொரு தடவையும் சொல்றோம். 'குருடி மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்றீங்க. எங்கண்ணன் வந்தா பெட்டி ரெண்டு தடவை முனகும். சுவத்துல காதை வச்சுத்தானே படுத்திருக்கேன்'ங்கறாங்க. பழுது பார்த்த கதையையும் நம்பலை. சாப்பாடு இறங்கலை. உங்க ஆத்மாவுக்காக ஜெபம் பண்றாங்க."

தச்சரின் சிரிப்பு அப்படியே நின்றது. பெட்டியைத் தாங்கும் உத்திரம் அவள் அறைச் சுவருக்குள் ஓடுவதைக் கழற்றியபோது அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். குரல் நுழையாத சுவரில் மரத்தின் முனகல் மட்டும் நுழைந்திருக்கிறது. அதைத் தன் கையாலேயே அடைத்திருக்கிறார்.

"ஒரே ஒரு நிமிஷம் உள்ள விடச் சொல்லும்மா. நான் பேசினா நம்பிடுவா."

"மடத்துத் தலைவி பெரியம்மா மேலிடத்துல கேட்டுத்தான் விடணும். கேக்கச் சொல்றேன்."

மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை. தச்சர் பித்தளையைப் பிடுங்கி, பழைய முளையைத் தேடிப் பொருத்தினார். மெழுகைச் சுரண்டினார். தள்ளினார். மரம் மெழுகைக் குடித்து முடித்திருந்தது. பெட்டி வாயே திறக்கவில்லை. மணல் போட்டுத் தள்ளினார். நறநறவென்றது.

உள்ளே போய்வந்த வாசல்காரி தயங்கினாள். "எலி சுரண்டுதுங்கறாங்க அண்ணா."

வீட்டில் அவர் தன் கைகளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "எல்லாத்தையும் ஒழுங்காச் செஞ்சு பழகின கை. கெடுக்கச் சொன்னா அதுக்குத் தெரியுமா?" என்றாள் மனைவி. இந்தத் தடவை அதில் கேலி இல்லை.

தினமும் போனார். முளையை நெருப்பில் காட்டினார், உப்புத்தண்ணீரில் துரு ஏற்றினார். ஒருநாள் சோப்பை வைத்துத் தள்ளியதும், எடுக்காமலே பெட்டி திரும்பி வந்தது. சோப்பு வைத்த இடத்திலேயே இருந்தது.

"வேண்டாம் அண்ணா" என்றாள் வாசல்காரி. "விடியக்காலையில போயிட்டாங்க. முற்றத்துலயே அடக்கம் பண்ணிடுவோம். வெளியாளுங்க வர வழக்கமில்லை."

தச்சர் சோப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். "ஏதாவது சொன்னாளா?"

"அழலைங்க. சந்தோஷமாத்தான் இருந்தாங்க. 'எங்கண்ணனைப் பார்க்கப் போறேன்'னு சொன்னாங்க."