ஊர் பெயர் மாற்றிய சாமை

பதினாறு வருடத்துக்கு முன் விட்ட முதுகலைப் படிப்பை முடிக்கலாம் என்று கல்லூரியிலிருந்து போன் வந்தபோது, ஏதோ மோசடிக் கும்பல் என்று நினைத்து செவ்வந்தி இணைப்பைத் துண்டித்தாள். மறுநாளும் வந்தது. கணவன் பார்த்திபன் மலையிலிருந்து ஆலங்காயம் இறங்கி, பஸ் மாறி, கல்லூரிக்கே போய்க் கேட்டுவந்த பிறகுதான் நம்பினாள். தாவரவியலில் தேர்வெல்லாம் எழுதியிருந்தாள். கல்யாணம் குறுக்கிட்டதில் ஆய்வேடு மட்டும் நின்றுபோயிருந்தது.

வழிகாட்டியாக வந்த பேராசிரியர் கலைவாணி அவளைவிட வயதில் இளையவர். மலைச் சாமை ரகங்களையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். ரகத்துக்கு ஒரு பொட்டலம் விதை வாங்கி, அதன்மேல் ஊர் பெயரும் விவசாயி பெயரும் எழுதித் தர வேண்டும். டீ வாங்கித் தந்தார், பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்தார். அந்த அன்பே செவ்வந்திக்கு உறுத்தியது. தன்னைத் தேடிப் பிடித்து அழைத்தது ஏன்?

பக்கத்து நிலத்து ஜெயம்மாளிடம் விதை கேட்டபோது அந்த உறுத்தல் பெரிதானது. ஜெயம்மாள் முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "நம்ம விதைய வாங்கி அவங்க இன்னா பண்ணப் போறாங்க? நாளைக்கு நம்மகிட்டயே விக்கமாட்டாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

செவ்வந்திக்குத் தெரியாது. ஆனாலும் ஜெயம்மாள் விதை கொடுத்தாள். யோசித்து யோசித்து, யாரும் ஆளைத் தேடி வர முடியாதபடி, சேர்த்த இருபத்திரண்டு பொட்டலங்களிலும் ஊர் பெயரை மாற்றி எழுதிக் கொடுத்தாள். மலையின் மேற்கே விளைந்ததைக் கிழக்கே விளைந்ததாகப் போட்டாள். ஆட்களின் பெயரையும் இடம் மாற்றினாள்.

மூன்று மாதம் சரியாகத்தான் போனது. பிறகு கலைவாணி, விளைந்த நிலங்களை நேரில் பார்த்து மண் எடுக்க வேண்டும், வியாழக்கிழமை ஜீப்பில் வருகிறேன் என்றார். வேறு வழியில்லாமல் புதன்கிழமை செவ்வந்தி கல்லூரிக்குப் போய் உண்மையைச் சொன்னாள்.

கலைவாணி பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் அடுக்கினார். முகம் சிவந்திருந்தது.

"என்னை எதுக்காக சந்தேகப்பட்டீங்க?"

"இந்த விதை கடைசியா எங்க போகும்னு நீங்க சொல்லவே இல்லீங்க, மேடம்."

விதைகளைச் சேமித்து வைக்கும் விதை வங்கிக்குப் போகும், அதற்கப்புறம் யார் கைக்குப் போகும் என்று தனக்கே முழுதாகத் தெரியாது என்றார் கலைவாணி. அவர் மழுப்பாமல் சொன்னது அதுதான் முதல்முறை என்று செவ்வந்திக்குப் பட்டது.

விவசாயிகளின் சம்மதமில்லாமல் விதை கல்லூரியை விட்டுப் போகாது என்று எழுதித் தரச் சொன்னாள். கலைவாணி எழுதினார். அதை மூன்று முறை படித்துவிட்டு ஊருக்குக் கொண்டுபோய் வீடு வீடாகப் படித்துக் காட்டினாள். பதினான்கு பேர் சம்மதித்தார்கள். ஜெயம்மாள் உட்பட எட்டுப் பேர் விதையைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சரியான ஊர் பெயர்களோடு, பதினான்கு ரகத்தோடு ஆய்வேடு மெலிந்துதான் வந்தது. வாய்மொழித் தேர்வில் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டார்கள். நடந்ததைச் சொன்னாள். தேர்ச்சி பெற்றாள்.

முடிவு வந்த அன்று கலைவாணி போனில் முனைவர் பட்டத்துக்குச் சேரும்படி கூப்பிட்டார். யோசித்துச் சொல்வதாக செவ்வந்தி பதில் சொன்னாள். அதில் அவருக்கு என்ன ஆதாயம் என்று சாயங்காலம் வரை பார்த்திபனிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.