கேட்டவர் என்ற கட்டம்

என் தங்கை ஜூடித் போராடிப் பெற்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். டிக்டேஷன் எழுத முடியாதவள் எஸ்.எஸ்.எல்.சி.யில் எடுத்த அறுபத்தொரு சதவீதம். கன்னட டைப்பிங்கில் சீனியர் கிரேடு. அம்மாவோடு ஒரு வருஷம் சண்டை போட்டு வாங்கிய சைக்கிள்; எங்கள் ஊர்ப் பன்னிமண்டபத்து நெரிசலில் பின்னால் வரும் ஹாரன் அவளுக்குக் கேட்காது என்பது அம்மாவின் பயம். கடைசியாக, ஒரு ரிஜிஸ்டரில் ஒரு கட்டம்.

நான்கு வயதில் வந்த காய்ச்சலில் ஜூடித்தின் வலது காது அறவே போய்விட்டது. இடது காதில் மெஷின் வைத்துக்கொண்டால், எதிரே நின்று பேசுகிறவர்களின் வாயையும் பார்த்துப் புரிந்துகொள்வாள்.

நான் கேண்டீனில் வேலை பார்க்கும் நர்சிங் கல்லூரியிலேயே அவளும் அட்டெண்டராகச் சேர்ந்தாள். 2023 நவம்பர் 10ஆம் தேதி, மூன்று மாதம் பார்க்கலாம் என்று அவளைப் பதிவு அறையில் ஆபரேட்டராகப் போட்டார்கள். கட்டுப் போடுவது, ஊசி போடுவது போன்ற செய்முறை வகுப்புகளைப் படம்பிடித்துக் கொடுக்கிற வேலை. வார்டு டியூட்டியில் இருக்கும் மாணவிகள் அதைப் பின்னால் பார்ப்பார்கள். சரியாகச் செய்தால் ஆபரேட்டர், இல்லாவிட்டால் திரும்பவும் அட்டெண்டர்.

பிப்ரவரி 5, திங்கட்கிழமை, பழைய கம்ப்யூட்டர் கெட்டுப்போய் லினக்ஸ் போட்ட வேறொன்று வந்தது. கேமராவிலிருந்து வரும் வயர் கேப்சர் கார்டு என்ற சின்னப் பெட்டியில் செருகப்பட்டு, அதன்வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போகிறது. படம் பளிச்சென்று வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. வெள்ளிக்கிழமை கனகலக்ஷ்மி மேடத்தின் வகுப்பு. ஜூடித்தின் மூன்று மாதம் முடிவதும் அன்றுதான்.

பதிவு அறைப் பொறுப்பாளர் சித்தையன் ஹனூர்க்காரர். மூன்று நாளில் மூன்று வயர் மாற்றிப் பார்த்தார். வியாழக்கிழமை பதினொன்றரைக்கு நான் டீ கொண்டுபோனபோது அவர் ஓய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"கார்டு போயிருச்சுங்க அம்மணி. வேற கார்டு வாங்கோணும்."

"கார்டு போயிருந்தா படம் எப்படி சார் வரும்?" என்றாள் ஜூடித்.

"சரி, சத்தம் வருதா வரலையான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. வாயைத் திறந்தேன்.

"சும்னே இரு அக்கா," என்றாள். "சார், கேமராவோட காலர் மைக்கை நீங்க மாட்டிக்குங்க. ஹெட்போனும் போட்டுக்குங்க. நான் தட்டுன்னா தட்டணும்."

திரையின் ஓரத்தில், சத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஒரு பச்சைக் கோடு உண்டு. ஜூடித் மேஜையைத் தட்டினாள், கோடு துள்ளியது. சித்தையன் காலர் மைக்கைத் தட்டினார், கோடு அசையவில்லை.

"பாருங்க, இது கேமரா மைக் இல்ல. கம்ப்யூட்டர் தன் சொந்த மைக்கைக் கேட்டுட்டிருக்கு."

அந்தச் சின்னப் பெட்டி ஒன்றுதான். ஆனால் லினக்ஸ் அதை இரண்டாகப் பார்க்கிறது, படத்துக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று. படத்தைச் சேர்த்தால் ஒலி தானாகக் கூட வருவதில்லை. ஜூடித் ஒலிப் பட்டியலைத் திறந்து கார்டின் பெயரைத் தனியாகச் சேர்த்தாள். அப்போதும் கோடு அசையவில்லை. சவுண்ட் செட்டிங்கிற்குப் போய்ப் பார்த்தாள். கார்டின் பெயருக்கு எதிரே மியூட் விழுந்திருந்தது. அதை எடுத்துவிட்டு, பதிவை ஓடவிட்டாள்.

"தட்டுங்க சார்."

தட்டினார். கோடு மேலே ஏறியது.

"வந்திடுச்சு," என்றாள்.

சித்தையன் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். "எங்க வந்துச்சு? ஒண்ணுமே கேக்கலீங்க அம்மணி. கோடு ஆடுனாப் போதுமா?"

ஜூடித் அவர் பேசும்போது கோடு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிறுத்தியதும், அதுவரை ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்தி, போட்டுக்காட்டினாள்.

அறை முழுக்கச் சித்தையனின் குரல் ஒலித்தது: "ஒண்ணுமே கேக்கலீங்க அம்மணி."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீயைத் தட்டோடு கீழே வைத்துவிட்டேன். ஹெட்போனுக்கு அனுப்புவது தனி ஏற்பாடு, அதைப் போடாவிட்டாலும் பதிவாகிக்கொண்டுதான் இருக்கும் என்று ஜூடித் விளக்கினாள். காதை நம்பிய மனிதர் மூன்று நாள் வயர் மாற்றியிருக்கிறார்.

மறுநாள் கனகலக்ஷ்மி மேடத்தின் வகுப்பு முழுவதும் சத்தத்தோடு பதிவானது. அது முடிந்ததும் சித்தையன், ஒவ்வொரு பதிவையும் குறித்துவைக்கும் ரிஜிஸ்டரைத் திறந்தார். கடைசிக் கட்டத்தின் தலைப்பு கன்னடத்தில் 'த்வனி கேளிதவரு', ஒலியைக் கேட்டவர். அந்த ஒரு சொல்லைக் காட்டித்தான் மூன்று மாதமும் ஜூடித்தின் பதிவுகளுக்கு அவரே கையெழுத்துப் போட்டுவந்தார். கேட்காதவள் கேட்டதாக எப்படி எழுதுவது என்பது அவர் நியாயம்.

பேனாவை எடுத்து 'கேளிதவரு' என்பதை அடித்தார். மேலே 'நோடிதவரு', பார்த்தவர், என்று எழுதினார். பிறகு ரிஜிஸ்டரை அவள் பக்கம் திருப்பினார்.

"போடுங்க அம்மணி. இனி இது உங்க கட்டம்."

அதில் ஜூடித் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டது 2024 பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை.