கூரை மடிகிற காரைப் பார்க்க வந்தவர்

கார்க் கதவின் அடிவிளிம்பில் இருக்கிற நீர்த்துளைக்குள் சுண்டுவிரலை விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து, அந்த விரலை நாக்கு நுனியில் வைக்கிறார் மீராமுகைதீன். கண்ணை மூடுகிறார். கறிக்கு உப்புப் பார்ப்பவர் போல இரண்டு தரம் சப்புக் கொட்டுகிறார். ஓரமாகத் துப்பிவிட்டு, "கடல் உள்ளுக்குப் போகல்ல. காத்துத்தான் தொட்டிரிக்கி" என்கிறார்.

எழுபத்தெட்டுச் சூறாவளிக்குப் பிறகு வந்த பழக்கம் இது. அந்த நவம்பரில் உப்புத் தண்ணீரில் கிடந்த வாகனங்களைப் பலர் கழுவி, பெயின்ற் அடித்து, தூரத்து ஊர்களில் விற்றார்கள். அவை ஒரு வருடம் ஓடின. பிறகு தரை பெயர்ந்து விழுந்தது. பெயின்ற் மறைப்பதை நாக்குக் காட்டிக்கொடுக்கும் என்பது அவர் கட்சி.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. சாய்ந்தமருதில் ஓர் அரிசி ஆலையின் லொறியை இருபது வருடமாக ஓட்டுகிறார். சொந்தமாக இருப்பது ஒரு சைக்கிள். அதற்குப் பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமானால் வலது செருப்பை முன் சில்லின் டயரில் வைத்து அழுத்துவார். அதனால் வலது செருப்பு மட்டும் வருடத்தில் இரண்டு தரம் மாறும். "ஊராட காருக்கெல்லாம் நொட்டை செல்லுற மனிசன், தன்ட சைக்கிளுக்கு ஒரு பிரேக்கட்டை போடல்ல" என்று மனைவி கமீலா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். அவர் மறுக்க மாட்டார்.

கல்முனைக்குடியிலிருந்து பொத்துவில் வரை யார் பழைய கார் வாங்கப் போனாலும் காக்கா என்று அண்ணன் முறை சொல்லி அவரையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். கூலி கேட்பதில்லை. வாங்கின காரில் ஒருமுறை பொத்துவில் வரை கொண்டுபோய்த் திருப்பி விட வேண்டும், அவ்வளவுதான். முன் இருக்கையில் ஏறியதும் தூங்கிவிடுவார். அக்கரைப்பற்றுத் தாண்டும்போது ஒரு தரம் விழித்து, "பின் சில்லு பாடுது" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கியதாக ஒரு கதை உண்டு. இறங்கிப் பார்த்தபோது ஓர் ஆணி தளர்ந்திருந்ததாம்.

எங்கள் காரை அவர் பார்க்க வந்தது எண்பத்திரண்டு ஜூனில். அந்தக் காரில் இப்போது மாப்பிள்ளைகள் போகிறார்கள். அன்று அது எங்கள் கொட்டிலில், கோணிச் சாக்குகளுக்கு அடியில் கிடந்தது.

ஜேர்மன் கார். வெள்ளை. கூரை துணியால் ஆனது. பின்னால் மடிந்து விழும். என் வாப்பா கச்சிமுகம்மது பண்டாரவளைத் தோட்டத் துரை ஒருவரிடம் வாங்கியது. நெல் வியாபாரம் செய்கிற, சாரன் கட்டிய மனிதருக்கு இது எதற்கு என்று ஊர் கேட்டது. வாப்பா வெயில் இறங்கினதும் கூரையை மடித்துவிட்டு, நாவிதன்வெளிப் பக்கம் வயல்களுக்கு நடுவே மெதுவாக ஓட்டிப் போவார். கதிர் உயர்ந்த மாதங்களில் தூரத்திலிருந்து பார்த்தால் கார் தெரியாது. பச்சைக்கு மேலே ஒரு தலை மட்டும் மிதந்து போகும்.

அந்த வருடம் பெப்ரவரியில் ஒரு நாள் மாவடிப்பள்ளி வளைவில் அந்தக் கார் தெருவை விட்டு இறங்கி, வயலுக்குள் போய் நின்றது. ஆட்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது வாப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே மௌத்தாகியிருந்தார். இருதயம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். நான் நம்பவில்லை. அதற்கு ஒன்பது நாள் முன்பு, லீவில் வந்திருந்தபோது, பின் பிரேக்குகளுக்கு எண்ணெய் ஒழுகாமல் தடுக்கிற றப்பரை நான்தான் மாற்றினேன். அந்தக் காருக்குரிய றப்பர் கிடைக்கவில்லை. ஒரு லொறியின் றப்பரைப் போட்டேன். அளந்துதான் போட்டேன். ஒரு மில்லிமீற்றரில் பத்தில் இரண்டு பங்கு சிறியது. தாங்கும் என்று நினைத்தேன்.

நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். அணைக்கதவுகளைப் பராமரிக்கும் வேலை. எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்த றப்பர் ஒழுகியதா இல்லையா என்று பார்க்க அரை மணி நேரம் போதும். நான்கு மாதமாக நான் கொட்டிலைத் திறக்கவில்லை. உம்மாவால் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. விற்கச் சொன்னார்.

வாங்க வந்தவர் ஷரிபுதீன். சவூதியில் ஐந்து வருடம் இருந்துவிட்டு வந்தவர். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத் திறந்த கார் விட்டால் கரை முழுக்கத் தன்னைத் தேடி வரும் என்பது அவருடைய திட்டம். அவர்தான் மீராமுகைதீனைக் கூட்டி வந்தார். உம்மா தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். ஷரிபுதீன் குடித்தார். மீராமுகைதீன் தன் கோப்பையைத் தட்டால் மூடி வைத்தார். "குடிச்சிட்டா குத்தம் செல்ல வாய் வராது, தம்பி" என்று என்னிடம் சொன்னார். வாங்குகிற பக்கம் நின்று பார்க்கும் நாளில் விற்கிற வீட்டில் பச்சைத் தண்ணீரும் தொட மாட்டார்.

மூவரும் காரை வெயிலுக்குத் தள்ளினோம். எஞ்சின் மூடியை அவர் திறக்கவே இல்லை. எஞ்சினை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், எலும்பை மாற்ற முடியாது என்பார். சட்டைப் பையிலிருந்து ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து, கதவுக்கும் உடலுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் மேலிருந்து கீழே இழுத்தார். எங்கே இறுகுகிறது என்று விரலால் கேட்டார். பிறகு ஷரிபுதீனைப் பின் இருக்கையில் ஏறி உட்காரச் சொன்னார்.

"நான் என்னத்துக்கு?"

"நீ நல்ல பாரம். சவூதி ஒன்ன நல்லாத்தான் வளத்திரிக்கி."

ஷரிபுதீன் ஏறினதும் மறுபடி ஈர்க்கை விட்டார். மேல் இடைவெளி ஒரு நூல் சுருங்கியிருந்தது. "கூரை வச்ச கார் பெட்டி மாதிரி. இது தட்டு. தட்டு நடுவால வளையும். வளைஞ்சா கதவுதான் முதல்ல அதச் செல்லும்" என்றார். வளைகிற கம்பிகளுக்கு மூன்று பக்கத்துக்குச் சமன்பாடு எழுதிப் பரீட்சையில் தேறியவன் நான். அதை அவர் ஓர் ஈர்க்கில் முடித்துவிட்டார். கம்பளத்தைக் கிளப்பித் தரையை முட்டியால் தட்டிக்கொண்டே போனார். டிண், டிண் என்று வந்த சத்தம் ஓட்டுநர் காலடியில் டொக் என்று மாறியது. அந்த இடத்தில் சோக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார்.

அடுத்தது காந்தம். பழுதான ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. கீறல் விழாமலிருக்க வெள்ளைச் சீலைத்துண்டில் சுற்றி வைத்திருக்கிறார். அதைக் காரின் மேல் தடவிக்கொண்டு போவதைப் பார்த்தால் நோயாளியின் முதுகில் மருத்துவர் குழல் வைப்பது போலிருக்கும். இரும்பு இருக்கிற இடமெல்லாம் காந்தம் ஒட்டியது. இடது கதவின் கீழ்ப்பகுதியில் நழுவிக் கையில் விழுந்தது. அங்கே தகடு இல்லை. பசை பூசி மெழுகியிருந்தார்கள். துரை காலத்து வேலை. வாப்பா மூன்று வருடமாகத் தினமும் துடைத்த இடம் அது.

"வாப்பாவுக்கு இது தெரியாது, காக்கா" என்றேன்.

"தெரியாம இரிந்ததுதான் நல்லம். சந்தோசமா ஓடித் திரிஞ்சாரு."

இந்த வகைக் காரில் அவர் அதிக நேரம் செலவழிப்பது கூரைக்கு. மூன்று தரம் மடித்தார், மூன்று தரம் விரித்தார். மடிப்புக்குள் மூக்கை விட்டு மணந்தார். பூஞ்சணம் ஏறின துணி பழைய பாயைப் போல மணக்குமாம். கடைசி மடிப்பிலிருந்து எதையோ நகத்தால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். காய்ந்த நெற்கதிரில் ஒரு துண்டு. நாலைந்து மணிகள் பதராகி ஒட்டிக்கொண்டிருந்தன. மாவடிப்பள்ளி வயலில் ஏறியது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு கூரையை விரித்து, கண்ணாடிகளை ஏற்றிக் கோணிச் சாக்கால் மூடி, உள்ளே போய்ப் பின் இருக்கையில் தலையைச் சாய்த்து மல்லாந்தார். என்னையும் வரச் சொன்னார். வெளியே உச்சி வெயில் சற்றுச் சாய்ந்திருந்தது. உள்ளே இருட்டு. கண் பழகினதும் கறுப்புத் துணியில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தது. பகலில் நட்சத்திரம் பூத்தது போல. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நூல் போன்ற ஒளி இறங்கி, அதற்குள் தூசு மெதுவாக ஏறி இறங்கியது. கடல் தொலைவில் ஒரே குரலில் இரைந்துகொண்டிருந்தது. கார் நின்ற இடத்திலேயே எங்கோ போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றியது. முன் இருக்கையில் வாப்பா இருக்கிறார், திரும்பிப் பார்க்க மாட்டார், நாவிதன்வெளி வந்ததும் எழுப்புவார் என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தோம் என்று தெரியாது.

"பதினொண்டு" என்றார் மீராமுகைதீன். ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

வெளியே ஷரிபுதீனுக்குக் கவலை பிடித்துவிட்டது. ஊர்வலத்தில் மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டார்.

"மாப்பிள்ள நனைவாரு. நனைஞ்சா கரைஞ்சா போவாரு?"

காரின் பின்பக்கத்தைக் கட்டைகளில் நிறுத்தி, இரண்டு சில்லுகளையும் கழற்றினோம். அவர் குந்தியிருந்து உள்ளே பார்த்தார். எண்ணெய்க் குழாயின் முனையில் ஸ்பானர் பட்ட புதுத் தடயம் இருந்தது.

"இத ஆரோ கிட்டடியில தொட்டிரிக்காங்க."

"நான்தான், காக்கா. பெப்ரவரியில."

"என்ன றப்பர்?"

"லொறி றப்பர்."

இருபது வருடம் லொறி ஓட்டுகிறவர். எழுந்து என் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு குறைவு என்று கேட்டார். சொன்னேன். மில்லிமீற்றர் அவருக்குப் பிடிபடவில்லை. ஈர்க்கை நீட்டி, இதில் காட்டச் சொன்னார். இதன் தடிப்பில் ஆறில் ஒரு பங்கு என்றேன். அவர் ஈர்க்கை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுதான் கொட்டில் பூட்டிக் கிடந்திச்சா?" என்றார்.

நான் கழற்றிய சில்லுகளை ஓரமாக உருட்டி வைத்தேன்.

பிரேக்கைச் சோதிக்க அவருக்கு ஒரு முறை இருக்கிறது. கையில் மணிக்கூடு கட்டுவதில்லை. மிதியைப் பலமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு குல்ஹுவல்லாஹு என்கிற, நாலே வசனமுள்ள குர்ஆன் சூறாவை மூன்று தடவை ஓதுவார். ஓதி முடிவதற்குள் மிதி இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. எந்தக் காருக்கும் அவ்வளவுதான். அன்று கூரையை முழுவதும் மடித்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையைக் காட்டி என்னை ஏறச் சொன்னார். என்னால் முடியாது, நீங்களே மிதியுங்கள் என்றேன்.

"நான் மிதிச்சா எனக்குத்தான் தெரியும். நீங்க மிதிங்க."

ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கில் வாப்பாவின் கை பிடித்துப் பிடித்து மினுங்கிய இடங்கள் இரண்டு இருந்தன. அவற்றைத் தொடாமல் பிடித்தேன். மிதியை அழுத்தினேன். பாதி தூரத்தில் நின்றது.

"குல்ஹுவல்லாஹு மூணு தரமா?" என்று கேட்டேன்.

"இல்ல. யாஸீன்."

"முழுதுமா, காக்கா?"

"முழுதும். அவசரப்படாம ஓதுங்க." சொல்லிவிட்டு, டோர்ச்சை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்துவிட்டார்.

யாஸீன், மௌத்தானவர்களுக்காக ஓதுகிற நீண்ட சூறா; முடிய எனக்குக் கால் மணி நேரம் பிடிக்கும். வாப்பா மௌத்தான அன்று வீடு நிறைய ஆட்கள் ஓதினார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் பேரில் ஓதிய கத்தங்களிலும் உதட்டை மட்டும் அசைத்தேன். இப்போது, வலது காலை ஊன்றிக்கொண்டு, பிஸ்மி சொல்லித் தொடங்கினேன். ஷரிபுதீன் தலையில் லேஞ்சித் துண்டைப் போட்டுக்கொண்டு அசையாமல் நின்றார். வெயில் நேரே தலையில் விழுந்தது. ஒவ்வொரு வசனத்திலும் காலுக்குக் கீழே மிதி நழுவப் போகிறது என்று காத்திருந்தேன். பாதி தாண்டியதும் ஓர் இடத்தில் வசனம் அறுந்துவிட்டது. அடுத்த சொல் வரவில்லை. காருக்கு அடியிலிருந்து அவர் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தார். பிடித்துக்கொண்டு மேலே போனேன். பிறகு நிற்கவில்லை. ஓதி முடித்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது.

மிதி அழுத்திய இடத்திலேயே நின்றது. ஒரு நூலும் இறங்கவில்லை.

"காலை எடுங்க" என்று அடியிலிருந்து குரல் வந்தது. எடுத்தேன். இறங்கி வந்து பின் சில்லு இருந்த இடத்தில் குந்தினேன். பள்ளிவாசலில் அசர்த் தொழுகைக்குப் பாங்கு கேட்கத் தொடங்கியது. "அப்ப, எடுக்கலாமா காக்கா?" என்று ஷரிபுதீன் கேட்டார். மீராமுகைதீன் அவர் பக்கம் திரும்பவில்லை. மடியிலிருந்து தன் தொழுகைத் தொப்பியை எடுத்தார். வெள்ளை நூல் தொப்பி, புதிதாகத் தோய்த்தது. அதை விரலில் மாட்டி, நான் றப்பர் போட்ட இடத்தின் தூசு மூடியைக் கிளப்பி, அடியிலும் உள்விளிம்பிலும் அழுத்தித் துடைத்தார். மற்றப் பக்கமும் போய் அப்படியே துடைத்தார். வெயிலுக்கு நேரே விரித்து எனக்குக் காட்டினார். வயல் மண் கொஞ்சம் அப்பியிருந்தது. எண்ணெய் ஒரு பொட்டும் இல்லை. அவர் தொப்பியை முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு நடந்தார்.