பெயர்ப் பலகை

ஓய்வு பெற்றுப் பதுளையில் தனியாக இருக்கத் தொடங்கிய பிறகு என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. மருந்துத் தொழிற்சாலைகளில் காலமெல்லாம் விதிமுறை எழுதியவனுக்கு அது சரியான தண்டனைதான். அதனால், லுணுகலைப் பக்கம் மூடிக் கிடந்த தேயிலை ஃபெக்டரியில் காயத்துக்குக் கட்டும் மருந்துத் துணி தயாரிக்க ஒரு தூசியற்ற அறை வரைந்து தர முடியுமா என்று ஒரு முதலாளி கேட்டபோது, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்று மாலையே வரைய உட்கார்ந்துவிட்டேன்.

அவர் காட்டிய இடம் தேயிலைத்தூள் சலித்த கூடம். தூசியற்ற அறைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் ஊவா மாகாணத்திலேயே கிடைத்திருக்காது. கூடத்துக்குள் இன்னொரு கூடாக அறையை வரைந்தேன். சுவரும் தரையும் சேரும் இடத்தில் மூலை இல்லை, வளைவுதான். இரண்டு கதவுகள் ஒரே நேரத்தில் திறக்காது. வடிகட்டிய காற்று எப்போதும் உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து எதுவும் வராது. முதலாளிக்கு இதை விளக்க என் வீட்டையே உதாரணம் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

மாதக்கணக்கில் தினமும் பஸ் ஏறிப் போனேன். அறை முடிந்துவிட்டால் போக இடமில்லை என்பது தெரிந்தே முடித்தேன்.

சோதனை ஓட்டத்தில் அறைக் காற்றின் தூசிக் கணக்கு ஏறியது. வடிகட்டிகளைச் சந்தேகித்தேன், பொருத்தியவர்களைத் திட்டினேன். பிறகு கடைசிக் கதவுக்கு வெளியே பார்த்தேன். உள்ளே மட்டும் போட வேண்டிய வெள்ளைச் சப்பாத்துகள் வரிசையாக நின்றன. தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் அத்தனை பேரும் வெறுங்காலோடு உள்ளே இருந்தார்கள். உதிரும் பாதத் தோலைப் போல அந்த அறைக்கு எதிரி வேறில்லை.

அவர்களில் மூத்தவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். கதவின் மேலிருந்த பலகையைக் காட்டினாள். ‘சுத்த அறை’ என்று நான்தான் எழுதச் சொல்லியிருந்தேன்.

"சுத்தம்னு போட்டிருக்கீங்க. அதுக்குள்ள சப்பாத்தோட எப்படிங்கய்யா போறது? எங்க வீட்டுக்குள்ளயே போக மாட்டோமே."

பலகையைக் கழற்றி ‘வேலை அறை’ என்று எழுத வைத்தேன். மறுநாள் எல்லோரும் சப்பாத்தோடு போனார்கள். கணக்கு இறங்கியது. தயாரிப்பு அனுமதியும் கிடைத்தது. இனி நான் அலைய வேண்டாம் என்று முதலாளி அன்பாகச் சொல்லிவிட்டார்.

போன வாரம், அந்தப் பக்கம் வேறு வேலை இருப்பதாக எனக்கே சொல்லிக்கொண்டு போனேன். அனுமதி இல்லாதவர் கண்ணாடிக்கு இப்பால் நிற்க வேண்டும். நான் எழுதிய விதி. உள்ளிருந்து அந்த மூத்தவள் என்னைக் கண்டு ஏதோ சொன்னாள். முகமூடிக்குள் வாய் அசைவது தெரிந்தது, தடித்த கண்ணாடி, கேட்கவில்லை. அவள் வெளியே வந்தால் அங்கி, கையுறை எல்லாம் கழற்றி மறுபடி முதலிலிருந்து மாட்ட வேண்டும். அதுவும் நான் எழுதியதுதான்.

வர வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவளும் திரும்பிக்கொண்டாள். காலில் சப்பாத்து இருந்தது.