ஓரகத்தியின் செல்கள்

மார்பில் கட்டி எனக்குத்தான் முதலில் வந்தது. ஓரகத்திக்கு எட்டு மாதம் கழித்து வந்தது. ஆனால் அந்த நோயிலும் பெயர் வாங்கியவள் அவள்தான். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். கொட்டாரம் என்கிற ஊரில், நடுவில் ஒரே சுவர் வைத்து இரண்டு வீடு. நான் மூத்தவருக்கு வாழ்க்கைப்பட்டவள். ஐந்தாம் வகுப்போடு நின்றேன். நாலு பேர் கூடினால் அடுக்களைக்குள் போய்விடுவேன். அவள் பத்து வரை படித்தவள். கல்யாண வீட்டுக்கு அவள் வந்துவிட்டாள் என்பது பந்தியில் இருப்பவர்களுக்குக் காதிலேயே தெரியும். நான் அவியல் வைத்தால் சாப்பிடுவார்கள். அவள் வைத்தால் சாப்பிட்டுவிட்டு அதைப் பற்றிப் பேசுவார்கள். நாற்பது வருடம் இப்படியே போனது.

இருவருக்கும் வைத்தியம் திருவனந்தபுரத்தில் ஒரே ஆஸ்பத்திரியில். எனக்கு ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு பெண் வந்தாள். டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. தேங்காய்ப்பட்டணத்துக்காரி. அப்பா கல்ஃபில் இருந்து படிக்க வைத்தாராம். பேசினால் பாட்டு மாதிரி இருக்கும்.

"அம்மா, கட்டி எடுத்து டெஸ்டுக்கு போனது போக மிச்சம் வரும். அதுல இத்திரி போல நான் எடுத்துக்கிடட்டா? உயிரோட வளத்திப் பாக்கதுக்கு."

"வெட்டி எடுத்தது உயிரோட இரிக்குமா மக்ளே?"

"இருந்தா இருக்கும். நல்லா நோக்கணும்."

அவள் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். செல்களை ரோஸ் நிறத் தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் தட்டில் விட்டு, உடம்புச் சூடு உள்ள ஒரு பெட்டிக்குள் வைப்பார்கள். அவை சர்க்கரையைத் தின்று புளிப்பை வெளியே விடும். அப்போது தண்ணீர் மஞ்சளாகும். ஆரத்தித் தண்ணீரில் எலுமிச்சைச் சாறு விழுந்தால் சிவப்பு மஞ்சளாகத் திரும்புமே, அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. பிறகு தலைமுடியை விட மெல்லிய ஊசி ஒன்றைச் செல்லின் பக்கத்தில் கொண்டுபோவார்கள். உயிருள்ள செல்லிடமிருந்து ஒரு பொட்டுக் கரண்ட் வரும். கம்ப்யூட்டரில் அது கோடாக ஓடும். மருந்து விட்டால் கோடு இறங்கும். எந்த மருந்துக்கு எது சாகிறது, எப்படிச் சாகிறது என்று படிப்பதற்காம். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஓரகத்திக்கு ஆபரேஷன் வந்தபோது அதே பிள்ளை அவளிடமும் கேட்டாள். நான் துணைக்குப் போயிருந்தேன். இவள் இருபது கேள்வி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று மாதம் கழித்துச் செக்கப்புக்குப் போனோம். அந்தப் பிள்ளை தூரத்திலிருந்தே சிரித்துக்கொண்டு ஓடி வந்தாள். என்னைத் தாண்டிப்போய் ஓரகத்தியின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, உங்களுக்க செல்லு நல்ல உஷாரு! இப்பவும் வளருது. எங்க ரூமில இத்தன நாளு ஒண்ணும் நின்னதில்ல."

ஓரகத்தி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அக்காக்கது?"

பிள்ளை தரையைப் பார்த்தாள். "அது மூணாம் நாளே போச்சு."

ஊருக்குத் திரும்பி ஒரு வாரத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் நின்று சொல்கிறாள்: "நான் இங்க சோறு வடிக்கேன். அங்க திருவந்தரத்துல எனக்க செல்லு கம்ப்யூட்டர்ல கோடு போட்டுட்டு நிக்கி."

"அப்ப கரண்டு போனா ஒனக்க செல்லத்தான் மாட்டணும்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என்னிடம், "ஒனக்கது என்ன ஆச்சு?" என்றாள்.

"செத்துப்போச்சு."

"அட பாவமே" என்றாள், கன்றுக்குட்டி செத்த மாதிரி. நான் பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என்னுடையது ஏன் செத்தது என்று அந்தப் பிள்ளையிடம் கேட்க அடுத்த செக்கப் வரைக்கும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டும் விட்டேன். "அது அப்படித்தான் அம்மா. சிலது தட்டுல ஒட்டிப் பிடிக்காது. நீங்க ஒண்ணும் செய்யல்ல" என்றாள். நான் ஒன்றும் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியாதா?

அன்றைக்கே ஓரகத்தியை அவர்கள் ரூமுக்குள் கூட்டிப்போய்ச் செல்களைக் காட்டினாள். ஓர் ஆள்தான் வரலாம் என்றாள். நான் வராந்தா பெஞ்சில் இரண்டு பையையும் அவள் செருப்பையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவில் சின்னக் கண்ணாடி. அவள் குனிந்து எதையோ பார்ப்பது தெரிந்தது, முதுகு மட்டும். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் நினைத்தவற்றை எழுத மாட்டேன்.

வெளியே வந்தவளுக்கு முகமெல்லாம் பல். "அக்கா, மருந்து விட்டா கோடு எறங்கணுமாம். எனக்கது எறங்கல்ல! அனங்கல்ல! ரெண்டு தடவ விட்டுப் பாத்தா."

பின்னால் நின்ற பிள்ளை சிரிக்கவில்லை. "தட்டுல நடக்கது அப்படியே உடம்புல நடக்கணும்னு இல்ல அம்மா" என்று மெதுவாகச் சொன்னாள். ஊசி வழியாக ஓரகத்திக்கு ஏறிக்கொண்டிருந்ததும் அதே மருந்துதான். அது எங்கள் இருவருக்கும் தெரியும். சேர்த்துப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்குப் பெருமை கண்ணை மறைத்தது. எனக்குப் பொறாமை மறைத்தது.

அந்த ஆடியில் என் அக்குளில் ஒரு சின்னக் கட்டி தட்டுப்பட்டது. டாக்டர் அதை வெட்டி எடுத்துப் பார்க்கலாம் என்றார். நானாக அந்தப் பிள்ளையைத் தேடிப்போய், "இதுலயும் இத்திரி எடுத்துக்கோ மக்ளே" என்றேன். ஜாக்கெட் துணிகூட இந்த நிறம் வேண்டும் என்று வாய் திறந்து கேட்டவள் இல்லை நான்.

முடிவு வர ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் நான் எதை வேண்டிக்கொண்டேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அது கேன்சராக இருக்க வேண்டும், உஷாரான கேன்சராக இருக்க வேண்டும், தட்டில் ஒட்டிப் பிடிக்க வேண்டும்.

"ஒன்றும் இல்லை, வெறும் கொழுப்புக் கட்டி" என்றார் டாக்டர். என் முகம் வாடியதைப் பார்த்து, காது கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் சத்தமாக, "ஒண்ணும் இல்ல! நல்லா இருக்கீங்க!" என்றார்.

அதற்குள் ஓரகத்தி படுத்துவிட்டாள். நோய் ஈரலுக்குப் போயிருந்தது. நான் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அவள் கட்டிலுக்குத்தான் போனேன்.

"என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் இல்லியாம். கொழுப்பாம்."

"பின்ன எதுக்கு மூஞ்சி இப்பிடி இருக்கு?"

நான் பையைத் தரையில் வைத்தேன். நாற்பது வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவள். என்னையே பார்த்தாள்.

"எனக்க மாதிரி வளரணும்னு நெனச்சியா?"

நான் அவள் போர்வையை இழுத்துவிட்டேன்.

"கிறுக்கி" என்றாள். சிரிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "அக்கா, ஒனக்கது அங்க செத்துது, இங்கயும் செத்துது. எனக்கது அங்க நிக்கி, அதான் இங்கயும் நிக்கி. அந்த சவத்த எல்லாம் கொட்டச் சொல்லு. அங்க செத்தா இங்கயும் சாவும்."

அப்படி இல்லை என்று சொல்லும் படிப்பு எனக்கு இல்லை. ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தாள். தட்டில் இருப்பதை அழித்துவிடச் சொல்லி எழுதியிருந்தாள். மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன்.

பிள்ளை தாளை இரண்டு முறை படித்தாள். "அவங்க சொன்னா கொட்டணும், அது அவங்களுக்க உரிமை. ஆனா இத கொட்டினா உடம்புக்குள்ள உள்ளது சாவாது அம்மா." நான் தலையாட்டினேன். பிறகு, "ஒருக்க பாக்கட்டா?" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

பெரிதாக்கிக் காட்டுகிற குழலில் கண்ணை வைத்துப் பார்த்தேன். செல்கள் ஒன்றோடொன்று நெருங்கி, இடமில்லாமல் மேலே மேலே ஏறிக் கிடந்தன. பக்கத்துக் கம்ப்யூட்டரில் கோடு ஓடியது. பிளீச்சிங் பவுடர் மணம் அடிக்கிற ஒரு தண்ணீரைப் பிள்ளை விட்டதும் கோடு குதித்தது, சரிந்தது, தரையோடு படுத்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாதி ஓரகத்தி பிழைக்கட்டும் என்ற சந்தோஷம். மற்றப் பாதி அப்படி இல்லை.

கையுறையைக் கழற்றும்போது பிள்ளை சொன்னாள்: "இதே செல்லுல அஞ்சு குப்பி ஐஸுல ஒறைய வச்சிருக்கோம். அதப்பத்தி தாளுல இல்ல. அதும் கொட்டணுமா?"

"ஒறஞ்சா செத்ததுதானே?"

"இல்ல அம்மா. சூடு காட்டினா எழும்பும். அதுல வேற மருந்து போட்டுப் பாக்கலாம்னு இருந்தேன்."

சரி, அதையும் கொட்டு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். தட்டில் உள்ளது செத்தாலும் இங்கே உள்ளது சாகாது என்று பிள்ளை சொன்னதையும் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அது அவளுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்றுதான் தோன்றியது. குப்பிகளைப் பற்றிச் சொன்னதும் கண்ணைத் திறந்தாள்.

"எத்தன வருசம் கெடக்கும்?"

"நம்ம எல்லாரும் போன பொறவும் கெடக்குமாம்."

தலையணையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் எழும்பினாள். "ஐஸுலயும் சாவல்லியா?"

"சாவல்லியாம்."

"பாத்தியா!" என்றாள். "அத கொட்டாண்டாம், கெடக்கட்டு. ஆனா ஒண்ணு, அதுக்கு மருந்து கண்டுபிடிக்காம விடப்பிடாதுன்னு அந்த பிள்ளைட்ட சொல்லு." பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, "ஏட்டி மருமவளே, இங்க வந்து கேளு, எனக்கத ஐஸுல வச்சிருக்காளாம்!" என்று கூப்பிட்டாள். ஒரு மாதமாக அந்த வீட்டில் கேட்காத சத்தம். பக்கத்தில் இருந்த எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

ஐப்பசியில் அவள் போனாள். எனக்கு இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை செக்கப். நன்றாக இருக்கிறேன் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிடுவார், இரண்டு நிமிடம்கூட ஆகாது. வராந்தாவில் அந்தப் பிள்ளை எனக்காகக் காத்து நிற்பாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு குப்பியை எழுப்பினார்களாம், எழும்பிவிட்டதாம், புது மருந்து ஒன்றுக்குக் கோடு கொஞ்சம் அசைகிறதாம் என்று ஓரகத்தியுடையதைப் பற்றியே பேசுவாள். நான் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கேட்பேன்.