நடீனின் கையும் ரோலண்டின் கழிகளும்

நடீன் சோப்சாக்கின் ரப்பர் பூட்ஸ் வீட்டுக்குள் நுழைந்தே இரண்டு வருஷம் ஆகிறது. எவ்வளவு கழுவினாலும் போகாத மீன் வாடை. பின்வாசல் படியில் கழற்றிப் போட்டால் அடுத்த வீட்டுப் பூனை வந்து அதன் மேலேயே தலைவைத்துப் படுத்துக்கொள்ளும். அவள் புருஷன் ரோலண்டின் பூட்ஸ் மட்டும் கதவுக்கு உள்ளே, கால்மிதியின் மேல், ஒரு வாடையும் இல்லாமல் ஜோடியாக நிற்கும். அதைப் பார்க்கிறபோதெல்லாம் நடீனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எல்லாம் சோப்சாக் குடும்பத்துப் படகுச் சட்டத்தால் வந்தது. ரோலண்டின் அப்பா போட்ட சட்டம் அது. படகுக்குப் பக்கத்தில் வந்த மீனை யார் நழுவ விடுகிறாரோ, அன்றைக்குக் கிடைத்த மீன் அத்தனையையும் அவர்தான் கரையில் நின்று அறுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். மற்றவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பீர் குடிக்கலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ரோலண்டின் படகில் இருப்பது இரண்டு பேர். ஓட்டுவது ரோலண்ட், தூண்டிலைப் பார்த்துக்கொள்வது நடீன். சக்கரத்தைப் பிடித்திருப்பவன் மீனை நழுவ விட வழியே கிடையாது.

அமெரிக்காவின் ஈரி ஏரியில் வால்ஐ என்கிற மீனை யாரும் ஓரிடத்தில் உட்கார்ந்து பிடிப்பதில்லை. படகை நடைவேகத்தில் ஓட்டிக்கொண்டே, பின்னால் பொய்மீன்களை நெடுந்தூரம் இழுத்துப் போவார்கள். படகின் பக்கத்துக்கு இரண்டு தூண்டில் கழி. ஒவ்வொரு தூண்டில் நரம்பிலும் ஒரு சின்ன மிதவைப் பலகை. பலகை பின்வாங்கினால் மீன் கடித்துவிட்டது என்று அர்த்தம். உடனே கழியைத் தாங்கியிலிருந்து உருவி, ரீலைச் சுற்றி, படகு நிற்காமல் போய்க்கொண்டிருக்கும்போதே மீனைக் கைவலைவரை கொண்டுவந்து சேர்க்க வேண்டும். நடீனின் மீன்கள் வலைக்கு ஒரு முழம் இருக்கும்போது வாயைப் பிய்த்துக்கொண்டு போயின. எல்லாம் போகவில்லை. ஆனால் தினமும் ஒன்றாவது போனது. சட்டத்துக்கு ஒன்று போதும்.

"இன்னொண்ணு போச்சா?" ரோலண்ட் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்பான்.

"போச்சு."

"மெதுவா, செல்லம், மெதுவா. அது மீனு. பஸ் கதவு இல்ல."

நடீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். ஐம்பத்து மூன்று வயது. பனி உறைந்த ரோட்டில் ஊர்ப் பிள்ளைகளை ஒரு கீறல் படாமல் கொண்டுபோய் இறக்குகிற கை அது. அந்தக் கையைத்தான் ரோலண்ட் முரட்டுக் கை என்றான். வீட்டோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை கிளப்பில் பொரித்த மீன் சாப்பாட்டுக்குப் போனால் அங்கேயும் இதே கதைதான். எழுந்து நின்று, ஒரு காலை நாற்காலியில் ஊன்றி, இல்லாத கயிற்றை வெடுக்கென்று இழுத்துக் காட்டுவான். "நடீன் மீன் இழுக்குறா பாருங்க! புல்வெட்டி மிஷின் ஸ்டார்ட் ஆயிடுச்சு!" மேசையே சிரிக்கும். அவனுடைய தம்பி டுவெயின் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பான். நடீனும் சிரித்தாள். நம்பியும் விட்டாள், அதுதான் கொடுமை. ரோலண்ட் வேலைக்குப் போன நேரத்தில் தூண்டில் நரம்பின் முனையில் ஒரு வாளித் தண்ணீரைக் கட்டி, வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் நின்று, தண்ணீர் சிந்தாமல் சுற்றிப் பழகியிருக்கிறாள். டாக்டரிடம் போய் மணிக்கட்டைக் காட்டி, நரம்புக் கோளாறு ஏதாவது இருக்கிறதா என்றுகூடக் கேட்டாள்.

இந்த வசந்தத்தில் டிரக்கின் பின்கதவை அறைந்து சாத்தும்போது ரோலண்ட் தன் நான்கு கழிகளில் ஒன்றின் நுனியை ஒடித்துக்கொண்டான். கார்பன் கழி. ஒரு கழியின் விலைக்கு வாரத்து மளிகையே வாங்கலாம். கடையில் அந்த ஜாதி தீர்ந்துவிட்டதால், தற்காலிகத்துக்கு என்று பீப்பாயில் போட்டிருந்த மலிவான கண்ணாடி இழைக் கழி ஒன்றை எடுத்து வந்தான். பிடியில் ரோஸ் கலர் டேப்பைச் சுற்றி நடீனிடம் நீட்டினான்.

"இது உனக்கு. ஒடச்சாலும் நட்டமில்ல."

அந்தச் சனிக்கிழமை ஏரியில் நல்ல அலை. முதல் மீன் ரோஸ் கழியில் கடித்தது. கழி பாதிவரைக்கும் வளைந்தது. அலை படகைத் தூக்கியபோது விட்டுக்கொடுத்தது, இறங்கியபோது தானாகவே இழுத்துப் பிடித்துக்கொண்டது. மீன் வந்து வலையில் விழுந்தது. அடுத்தது கார்பன் கழியில். விறைத்த கழி, வளைய மறுத்தது. படகு முன்னால் எகிறிய ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ச்சி நேரே மீனின் வாய்க்குப் போனது. போச்சு. நடீன் பொய்மீன்களை மாற்றிக் கட்டிப் பார்த்தாள். ரோஸ் கழியை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குக் கொண்டுபோனாள். என்ன மாற்றினாலும் ரோஸ் கழியில் மாட்டியது வந்தது, மற்றதில் மாட்டியது பாதி போனது.

கை அதே கைதான்.

சந்தோஷப்பட வேண்டிய இடம். நடீனுக்குக் கோபம்தான் வந்தது. அந்த வாளித் தண்ணீர் ஞாபகம் வந்தது. டாக்டர் மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு "ஒண்ணும் இல்லையேம்மா" என்று சொன்னபோது தான் அசடு வழிந்ததும் ஞாபகம் வந்தது. கரைக்கு வந்து, கார்பன் கழியில் போன மீன்களுக்காக வழக்கம்போல மேசை முன்னால் நின்று கத்தியைத் தீட்டினாள்.

"ரோலண்ட், கழிதான் தப்பு. என் கை இல்ல."

"ஒரு நாள் அதிர்ஷ்டம் அடிச்சா ஆராய்ச்சி பண்ணக் கெளம்பிடுவியே." அவன் நாற்காலியைச் சாய்த்துக்கொண்டான். "நூத்துக்கணக்குல குடுத்து வாங்குன கழி தப்பு, பீப்பாய்ல கெடந்தது சரியா?"

"நாளைக்குக் கடைக்கு வா."

"எதுக்கு?"

"நாலும் ரோஸ் கழி மாதிரியே வாங்கப் போறேன். என் சம்பளத்துல."

கடை கொரீனுடையது. உயிர்ப்புழு, ஐஸ், மீன்பிடி சாமான் எல்லாம் ஒரே கூரையின் கீழ் விற்கும் சின்னக் கடை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம். நடீன் கழிகள் நிற்கும் வரிசைக்குப் போய் கண்ணாடி இழைக் கழிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். நுனியைக் கொரீன் கையில் கொடுத்து இழுக்கச் சொல்லி, வளைவு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தாள். நான்கும் ஒரே நீளம், ஒரே வளைவாக இருக்க வேண்டும். கழிக்குக் கழி வேறாக வளைந்தால் பலகை பின்வாங்கியது மீனாலா அலையாலா என்று குழப்பம்தான் மிஞ்சும். பிடி நீளமாக இருக்க வேண்டும், தாங்கியில் சிக்காமல் உருவ வர வேண்டும். மேலே மினுக்கும் வண்ணத்துக்கும் பெயருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ரோலண்ட் ஒன்றை எடுத்துக் காற்றில் விளாசிப் பார்த்தான். நுனி துவண்டு துவண்டு ஆடியது.

"வெந்த நூடுல்ஸ் மாதிரி இருக்கு."

"எவ்ளோ வேணா ஆட்டு, ரோலண்ட்," என்றாள் கொரீன். "மீனு வந்து கடையில ஆட்டிப் பாக்கப் போறதில்ல."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ரோலண்டின் காது சிவந்தது. பெருந்தன்மையாகப் பேசுவது போல நடீனின் தோளில் தட்டினான். "சரி, வாங்கிக்கோ. உன் கைக்கு இந்த மாதிரி தொளதொளன்னுதான் சரிப்படும்."

நடீன் கழியை மெதுவாக வரிசையில் திரும்ப வைத்தாள். பஸ்ஸில் பின் சீட்டில் சண்டை நடக்கும்போது, வண்டியை ஓரங்கட்டி எழுந்திருப்பதற்கு முன்னால் இப்படித்தான் பிரேக்கை நிதானமாகப் போடுவாள்.

"இன்னொரு தடவ சொல்லு."

அவன் வாயைத் திறப்பதற்குள் கொரீன் முந்திக்கொண்டாள். அவளுக்கு இந்த வீட்டு விவகாரம் தெரியாது. "இதுல கை என்ன இருக்கு? நீ அந்தக் கார்பன் கழி வாங்க வந்தப்பவே நான் சொன்னேனே, ரோலண்ட். அது வீசிப் பிடிக்கிற கழி, இழுத்துட்டுப் போறதுக்கு ஆகாது, மீன் வாய் கிழிஞ்சிடும்னு. நீதான், எனக்கு உறுதியாத்தான் வேணும்னு எடுத்துட்டுப் போன."

ரோலண்ட் ஐஸ் பெட்டியைப் பார்த்தான்.

"இவ சொன்னாளா?" நடீன் கேட்டாள்.

"எப்பவோ ஏதோ சொன்னா. யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"கொரீன், இந்த நாலையும் கட்டிக் குடு."

டிரக்கில் இருவரும் ஏறி, கண்ணாடியை ஏற்றிய பிறகு ரோலண்ட் சொன்னான்: "சரி. கழிதான். ஒத்துக்கறேன். போதுமா?"

"எங்க ஒத்துக்கற? கண்ணாடிய மூடிக்கிட்டா?"

"வேற எங்க ஒத்துக்கணும், நடுரோட்டுலயா?"

"எங்க நின்னு புல்வெட்டி மிஷின் இழுத்தியோ, அங்க. வெள்ளிக்கிழம. எல்லார் முன்னாடியும்."

"அது சும்மா தமாஷ், நடீன்."

"எனக்கு வீச்சம், உனக்குத் தமாஷ். ரெண்டு வருஷம். கொரீன் சொன்னது தெரிஞ்சுக்கிட்டே என்னை மீன் வெட்ட விட்டிருக்க. நீ சொல்ற வரைக்கும் உன் படகுல காலு வைக்க மாட்டேன். டுவெயின கூட்டிட்டுப் போ. அவன் எத்தன மீன விடுறான்னு எண்ணு."

ரோலண்ட் வண்டியைக் கிளப்பினான். வழி முழுக்க வானொலியில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை கிளப்பில் மீன் சூடாக வந்தது, கோஸ் சாலட், ரொட்டி, பீர். நீண்ட மேசையின் ஒரு பக்கம் ரோலண்ட், நடீன், டுவெயின். எதிரே லெஸ்டரும் அவர் மனைவி பெவ்வும். லெஸ்டர் ரோலண்டுக்குப் பக்கத்துப் படகுத்துறைக்காரர். வயதானவர், மெள்ளப் பேசுகிறவர். டுவெயின் பாதித் தட்டு முடிந்ததும் அண்ணனை முழங்கையால் இடித்தான்.

"எங்க, இந்த வாரம் அண்ணி மிஷின் ஸ்டார்ட் பண்ணலயா? காட்டு, காட்டு."

"விடுடா. பழைய கதை."

"பழசா இருந்தாதான் ருசி."

"விடுன்னேன்ல." ரோலண்ட் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அதோடு விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தான் போலிருக்கிறது. முட்கரண்டியில் சாலட்டைக் குத்தினான்.

நடீன் கையைத் துடைத்தாள். எழுந்திருக்கவில்லை. பஸ்ஸின் கடைசி சீட்டுக்கும் கேட்கிற குரல் அவளுடையது, கத்த வேண்டியதே இல்லை.

"ரோலண்ட் ஒண்ணு சொல்லணும்னு இருக்கான்."

அடுத்த மேசைக்காரர்கள்கூடத் திரும்பினார்கள்.

"இங்கயா?" அவன் குரல் அடங்கிப்போய் வந்தது.

"இங்கதான்."

அவன் பீரை எடுத்தான், குடிக்காமல் கீழே வைத்தான். அந்தப் பெரிய முகத்தில் சிவப்பு கழுத்திலிருந்து நெற்றிவரை ஏறியது. "கழி தப்பு," என்றான். "இழுக்கறதுக்கு ஆகாத கழி. நான்தான் வாங்கினேன். கொரீன் வேணாம்னா, நான் கேக்கல. மீன் போனது நடீன் கையால இல்ல."

யாரும் கைதட்டவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. டுவெயின் வாயில் இருந்த ரொட்டியை மென்று முடிக்க மறந்து உட்கார்ந்திருந்தான். நடீன் காத்திருந்த வாக்கியம் அதுதான், ஒரு வார்த்தை குறையாமல் வந்துவிட்டது. வந்த பிறகும் கோபம் போகவில்லை. ஆனால் பசித்தது. தட்டை இழுத்து வைத்துக்கொண்டு மீனைப் பிட்டாள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து லெஸ்டர் முன்னால் குனிந்தார். ஊரறியக் கேட்கக் கூடாது என்று நினைத்தவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நடீன்மா, அந்தக் கழி எந்த அலமாரில இருந்துச்சு? ரொம்ப வெலயா? இல்ல, நானும் கார்பன்தான் வெச்சிருக்கேன். இவளும் ஓயாம மீன விட்டுக்கிட்டே இருக்கா, அதான்."

பெவ் முட்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். பிறகு புருஷன் பக்கம் முழு உடம்போடு திரும்பினாள்.